ஏழாம் குழாயின் இருட்டு

பளிச்சென்று ஒளிர வேண்டிய ஏழாம் குழாய் இருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் மண் ஆய்வாளர் ஹால்வாருக்கு முதலில் வந்தது எரிச்சல். அடுத்து வந்தது சுன்னிவாவின் பெயர்.

ஆய்வுக்கூடத்தில் எது கெட்டாலும் அந்தப் பெயர்தான் வரும். பதினெட்டு வருடமாகக் களிமண்ணைத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் ஊற்றுகிறவள். மீனுக்கு உப்புப் போடத்தான் லாயக்கு என்று காபி நேரத்தில் அவள் காதுபடவே சொல்வார். நார்வேயில், த்ரோண்ட்ஹைம் நகருக்கு வடக்கே, ஒரு சரிவின் உச்சியில் இருந்த அந்தக் கட்டடத்தில், தன்னைத் தவிர மற்ற எல்லோரும் சம்பளம் வாங்கும் நாற்காலிகள் என்பது அவருடைய தீர்மானம்.

களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். போதிய அளவு தண்ணீரில் கலந்தால், மீன்கூட்டம்போல ஒரே பக்கம் பார்த்து அணிவகுக்கும். ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து, அவற்றின் நடுவே குழாயை நிறுத்திப் பின்னால் விளக்கைப் போட்டால், அணிவகுத்த மண் ஒளிரும். கலைந்த மண் இருளும். ஆக, ஏழாம் குழாய் கலைந்துவிட்டது, யாரோ ஒருத்தி ஆட்டிவிட்டாள்.

அது கட்டடத்துக்குப் பின்னால், அதே சரிவில் துளையிட்டு எடுத்த மண். அங்கே இன்னும் அறுபது வீடுகள் கட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். கட்டலாம் என்ற அறிக்கை மேசைமேல் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

டிசம்பர் மாதம். மூன்று மணிக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன. வெந்நீர்க் குழாய் சுவருக்குள் முனகியது. அறையெங்கும் வற்றிய கடலடியின் வாசம். அவர் ஏழாம் குழாயைக் கால்வட்டம் திருப்பினார். சட்டென்று ஒளிர்ந்தது. அப்படியானால் கலையவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து இருட்டு கசிந்து, மெல்ல விளிம்புவரை பரவியது.

அந்த மண் மூன்று வாரம் முன்பே உறைந்துவிட்டது. கெட்டித் தயிரில் புதைந்த திராட்சை திரும்பிப் படுக்குமா?

சுன்னிவாவைக் கூப்பிட்டு, மண்ணில் கலக்கும் உப்பை எத்தனை தரம் தப்பாக அளந்தாள் என்று கேட்டார். அவள் ஒரு தரமும் இல்லை என்று சொல்லிவிட்டு நாற்பது குழாய்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கதவருகே இருந்தார்.

"எனக்கு எல்லாம் நல்லா எரியுதே, ஹால்வார். நாப்பதும்."

"உன் மூக்குக்கண்ணாடிய மாத்து."

அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். ஏழாவது அணைந்தது. எட்டாவது. பிறகு வரிசையாக நாற்பதும்.

சுன்னிவா அதைப் பார்த்தாள். "நீங்க வந்ததும்தான் அணையுது. இன்னைக்கு அந்த அறிக்கைல கையெழுத்துப் போடாதீங்க. சரிவுல கீழ ஜனங்க குடியிருக்காங்க."

"மண்ணு மொறைக்குதுன்னு எழுதட்டுமா? போ. போயி உன் ரொட்டியத் தின்னு."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு குழாய்களுக்கு முதுகு காட்டாமல் வெளியேறினாள். அவள் கார் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

அவர் இடப்பக்கம் நகர்ந்தார். ஒளி. பிறகு இருட்டு. வலப்பக்கம். ஒளி. இருட்டு, இந்த முறை சீக்கிரமாக. வெட்கத்தோடு குந்தி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் அப்படியே.

இருளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாணவர்களுக்கு அவரே நடத்திய பாடம். தகடுகள் அத்தனையும் பார்க்கிறவனுக்கு நேர்முகமாகத் திரும்பி நின்றாலும் ஒளி வராது.

அத்தனையும்.

"சேறு," என்றார் வாய்விட்டு. "வெறும் சேறு." அறிக்கையில் கையெழுத்துப் போட்டார், அது அவர் கையெழுத்தைப் போலவே இல்லை. விளக்கை அணைத்தார். அது இன்னும் மோசம். இருட்டில், கண்ணாடிக்குள் ஈரமாக எதுவோ நகரும் ஓசை. வரிசை முழுவதும். அவர் கதவைத் தேடி நகர்ந்த பக்கமாக.

வெளியே பனி. காற்று இல்லை. அவருடைய கார் நாற்பது அடி தள்ளி நின்றது. முதல் அடி வைத்தபோது உறைந்த தரைக்குக் கீழே, வெகு ஆழத்தில், ஏதோ மெதுவாகப் புரண்டது. சரியவில்லை. திரும்பியது.

இரண்டாவது அடி. மறுபடியும்.

நின்றார். கீழே மரங்கள் முறியாமல் முனகின. எங்கோ ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்தியது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சரிவின் கீழே பார்த்தார்.

ஒரு அடி இடப்பக்கம் வைத்தார். தெருவிளக்குகள் அசைந்தன. ஒவ்வொன்றாக.

அதற்குமேல் காலை எடுக்கத் துணியவில்லை. மூச்சையும் அடக்கினார். சரிவு நெடுக, விளக்குக் கம்பங்கள், பிர்ச் மரங்கள், ஜன்னலில் வெளிச்சமும் உள்ளே மனிதர்களுமாக அத்தனை வீடுகளும், அவர் நின்ற இடத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து, காத்திருந்தன.