முதலில் வந்த முகம்

இணையத்தில் தன் பெயரைப் போட்டுத் தேடியபோது முதலில் வந்த படத்தில் அவள் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். அவளிடம் பச்சைச் சட்டையே கிடையாது.

வேலை பார்த்த ஸ்கேன் மையத்தை இழுத்து மூடிய பிறகு, வருடக்கணக்காக ஊரார் எலும்பையெல்லாம் படமெடுத்தவள் அக்கா வீட்டு சோபாவோடு ஒட்டிப்போயிருந்தாள். அன்று காலை அக்காதான் பிடித்து உலுக்கினாள்.

“வேலைக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடி நெட்ல உன்னைக் கொஞ்சம் சுத்தம் பண்ணுடி. இப்பல்லாம் ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்கறாங்க. நீ போட்ட சண்டையெல்லாம் அப்படியே கெடக்கும்.”

கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி விட்டுவிட்டு முனக, காயாத துணியின் புளித்த வாடை அறை முழுக்கத் தேங்கி நிற்க, மேலாளரைத் திட்டியதை, விவாகரத்து முடிந்த அன்று புலம்பியதை, யாரோ ஒருவரின் உடைந்த விரலை வைத்து அடித்த ஜோக்கை ஒவ்வொன்றாக அழித்தாள். வருத்தமில்லை. நிம்மதியும் இல்லை. நகம் வெட்டுவது மாதிரி இருந்தது.

மறுபடி தேடினாள். பச்சைச் சட்டைக்காரி இன்னும் இரண்டு படம் போட்டிருந்தாள். அதே பெயர், அதே படிப்பு, தாடையில் அதே மச்சம். ஒரு படத்தில் ஏதோ மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொன்று இதே சோபாவில் எடுத்தது. பக்கத்தில் அக்கா. இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு.

“இது எப்பக்கா எடுத்தது?”

அக்கா எட்டிப் பார்த்தாள். “போன வாரம். நீதானே எடுக்கச் சொன்ன? எவ்ளோ நாளாச்சு நீ இப்படிச் சிரிச்சு.”

போன வாரம் தான் எதற்காவது சிரித்தோமா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. சிரித்திருந்தால் நினைவிருக்கும்.

அந்தக் கணக்கு போலி என்று புகார் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: ‘உங்கள் புகாருக்கு நன்றி. போலிக் கணக்கு நீக்கப்பட்டது.’

நீக்கப்பட்டிருந்தது அவளுடைய கணக்கு.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. சாயங்காலம் அக்கா ரொட்டி வாங்கிவரச் சொன்னாள். கடை வாசலில் நிற்கும்போது போன் அடித்தது. அவள் இன்னும் விண்ணப்பமே போடாத ஒரு மருத்துவமனையிலிருந்து பேசினார்கள்.

“மேடம், திங்கக்கிழமையே ஜாயின் பண்ணிடலாம்.”

“நான் இன்டர்வியூவுக்கே வரலையே?”

அந்தப் பெண் சிரித்தாள். “காலைல அவ்ளோ நேரம் பேசிட்டு இப்படிக் கேட்டா எப்படி மேடம்? எங்க டாக்டருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

“சரி,” என்றாள்.

ரொட்டிப் பொட்டலத்தின் சூடு உள்ளங்கையில் ஏறவேயில்லை. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அக்கா குளிக்கிறாள்.

இல்லை. அக்கா கூடத்தில்தான் இருந்தாள். முதுகைக் காட்டியபடி, கையில் துண்டோடு.

தண்ணீர் நின்றது.

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. ஆவி. ஒரு கை நீண்டது. ஈரமான, மெலிந்த கை. அவளுடைய கை. அக்கா துண்டைக் கொடுத்தாள்.

“சீக்கிரம் வாடி, சாப்பாடு ஆறுது.”

அக்கா திரும்பினாள். வாசலில் நிற்பவளைப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. அறிமுகமில்லாதவர்களுக்குக் காட்டும் அளவான புன்னகை மட்டும்.

“யாருங்க? யாரைப் பாக்கணும்?”

வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நின்றது.

“யாருக்கா வாசல்ல?” உள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது.

“தெரியலடி.”

ஆவிக்குள்ளிருந்து, துண்டால் தலையைத் துவட்டியபடி, அவள் எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.