மானை அழைத்தவனை அழைத்தது

கார்பாத்திய மலைச்சரிவின் பீச் மரக்காட்டுக்குக் கவ்ரிலும் அவன் தங்கை புருஷன் யோசிஃபும் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. கவ்ரில் மாட்டுக்கொம்பில் வாய் வைத்து மான் குரலில் ஊதினால் மூன்று மலை தாண்டியுள்ள கலைமானும் பெண்டாட்டிகளை விட்டுவிட்டு ஓடிவரும். நான்கு மலை என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களில் கவ்ரிலும் ஒருவன்.

சூட்சுமம் சின்னது. இணைசேரும் பருவத்தில் கிழட்டுக் கலைமானை மிரட்டிக் கூப்பிடக் கூடாது. மீசை முளைக்காத பொடியன் வம்புக்கு இழுப்பதுபோல் ஊத வேண்டும். கிழத்துக்குப் பொறுக்காது. ஆனாலும் நேரே வராது. சுற்றி வளைத்து, கூப்பிட்டவனின் வாடையைக் காற்று கொண்டுபோகும் பக்கமாக வரும். அந்தப் பக்கத்து மேட்டில்தான் துப்பாக்கியோடு யோசிஃப் உட்கார வேண்டும்.

"மாப்ள, போன தடவ மாதிரி குறட்ட விட்டுத் தொலைக்காத."

"நீ ஊதறப்ப எங்க மச்சான் தூக்கம் வரும். எழவு வீடு மாதிரில்ல இருக்கு."

யோசிஃப் மேடேறிப் போனான். கவ்ரில் ஊதினான்.

பறவைகள் அடங்கின.

கீழே ஓடைப் பக்கமிருந்து யோசிஃபின் குரல் வந்தது. "இதுக்கு மானா வரும் மச்சான்? தவளதான் வரும்."

கவ்ரிலுக்குச் சுருக்கென்றது. கொம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினான்.

"வரப் பயமா இருக்கா மச்சான்?"

இன்னும் வேகமாக இறங்கினான்.

காற்று திரும்பியது. மூத்திரமும் ஈரமயிரும் கலந்த கலைமான் நாற்றம். அதற்கடியில், மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்த ஏதோ ஒன்றின் நாற்றம்.

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

யோசிஃப். மேட்டிலிருந்து ஓடிவந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ இங்க இருக்க," என்று கிசுகிசுத்தான். "அப்ப என்னயக் கோழப்பயலேன்னு கீழேருந்து கூப்பிட்டது யாரு? உன் குரல்தான் மச்சான்."

கவ்ரில் அவன் கையைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்தான். "நாம மானுக்குச் செய்யறத அது நமக்குச் செய்யுது. பதில் பேசாத. நட."

நடக்கவா செய்தார்கள்? அன்று அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு முயலே ஒதுங்கி வழிவிட்டது. வழிநெடுக வசவு துரத்தியது. ஒன்றுக்கும் திரும்பவில்லை.

வீட்டில் கவ்ரிலின் தங்கை சாஃப்தா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் கதவைத் தாழிட்டதுதான் தாமதம், வெளியே வேலியோரம் கவ்ரிலின் குரல் கேட்டது.

"சாஃப்தா, உன் களிய நாய் மோந்து பாத்துச்சு. அழுதுட்டே போயிருச்சு."

அண்ணன் எதிரே வாய்மூடி நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. துடுப்போடு கதவுக்குப் பாய்ந்தாள்.

"விடுங்க. இன்னைக்கு அண்ணன் மண்டைய ஒடைக்காம விடமாட்டேன்."

ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கினார்கள். யோசிஃப் அவள் வாயைப் பொத்தினான்.

வெளியே அது சற்று நேரம் காத்திருந்தது.

பிறகு தெருவில் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய், சாஃப்தாவின் குரலில் யாரையோ கேலி பேசிச் சிரித்தது.

பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.