பதினேழாம் வட்டத்தின் ஒத்தக்கேள்வி

காலையில் தேடுமானியைத் திறந்ததும் மஞ்சரி முதலில் தன் வட்டத்தைப் பார்ப்பாள். பக்கம் எழுதும் தொழிலில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான். திருப்பூர், பதினேழாம் வட்டம். அன்று அங்கே மேலேறிக்கொண்டிருந்தவை: பூனை கீறினால் ஊசி போடவேண்டுமா, பந்திச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுவலி, நனைந்த பள்ளி ஷூவை ஒரே இரவில் காயவைப்பது எப்படி. வெளியே வெயில் கொளுத்தியது. நாளை மறுநாள் மழை என்று தெரிந்துகொண்டாள்.

மக்கள் தாங்களாகத் தேடுவதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. காதில் இருக்கும் துணை என்ற கருவிதான் தேடுகிறது. நாடித்துடிப்பு, நடை, பேச்சு, சாலையில் வண்டிகளின் ஓட்டம், வானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. தன் ஆளுக்கு என்ன கேள்வி வரப்போகிறது என்று மூன்று நாள் முன்பே கணிக்கிறது. பதிலைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறது. கேள்வி வரும் நொடியில் பதில் காதில் ஒலிக்கும்.

எதற்காகத் தேடுகிறது என்று துணை தன் ஆளிடம் சொல்லக்கூடாது. அது சட்டம். ஆரம்ப காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பலரால் அந்த மூன்று நாளைத் தாங்க முடியவில்லை.

துணைகள் என்ன தேடுகின்றன என்பதைத் தேடுமானி காட்டும். பெயர் இருக்காது. கேட்பவர் எத்தனை பேர், அந்தச் சொல்லுக்குப் போட்டி எவ்வளவு, எந்த வட்டம். அவ்வளவுதான். அதைப் பார்த்து நிறுவனங்கள் பக்கங்கள் எழுதும். துணை எந்தப் பக்கத்தை எடுக்கிறதோ அது முதலிடம். மற்றவை இருந்தும் இல்லாதவை. பட்டியலில் பார்த்ததை வெளியே சொன்னால் எழுதுபவரின் உரிமம் போய்விடும். சிறைக்குப் போனவர்களும் உண்டு.

பத்து மணிக்கு மேல் ஒரு புதிய வரி வந்தது.

ஏழு வயதுப் பெண் குழந்தையிடம் அம்மா இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது.

கேட்பவர் ஒருவர். போட்டி இல்லை.

தொழிலில் இதற்கு ஒத்தக்கேள்வி என்று பெயர். பெரிய நிறுவனங்கள் ஆயிரம் பேர் கேட்கும் சொற்களுக்குத்தான் எழுதும். ஒருவருக்காக எழுத அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மஞ்சரியின் முதலாளி ரங்கராசு அதில்தான் பிழைத்தார். ஒருவருக்குச் சரியாக எழுதிய பக்கத்தைப் பின்னால் அதே கேள்வியோடு வருகிற அத்தனை பேரின் துணையும் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

மஞ்சரி எழுதினாள். எழுதும்போது தன் மகள் யாழியின் முகத்தை நினைத்துக்கொண்டாள். தெரிந்த முகம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினால் பக்கம் நன்றாக வரும். குழந்தையை மடியில் உட்கார வையுங்கள். உங்கள் குரலை அது முதலில் கேட்கட்டும். அம்மா தூங்குகிறாள் என்று சொல்லாதீர்கள், பிறகு குழந்தை தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றும் சொல்லாதீர்கள், வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்.

மதியத்துக்குள் அந்தத் துணை பக்கத்தை எடுத்துக்கொண்டது. முதலிடம். பதில் கிடைத்த கேள்வி பட்டியலில் நிற்காது. வரி மறைந்தது. அதன் விவரங்களும் சேர்ந்து மறைந்தன.

ரங்கராசு டீ டம்ளரோடு வந்து நின்றார். பனியன் கம்பெனி ஓடிய அதே கட்டடத்தில் இப்போது பக்கங்கள் தைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர். பக்கத்தைப் படித்துவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டதாகச் சொன்னார். வரி மறையும் முன்பே வட்டத்தின் பெயரைப் பார்த்திருந்தார். திரும்பிப் போகும்போதுதான் அதைச் சொன்னார்.

"உன்ற வட்டந்தான் போல அம்மணி. பாவம், யாரு புள்ளையோ."

மஞ்சரி வட்டத்தின் பெயரைப் பார்த்திருக்கவில்லை. கேட்பவர், போட்டி என்ற இரண்டை மட்டுமே பார்ப்பது அவள் பழக்கம். காலையில் தன் வட்டத்தைப் பார்த்தபோது அந்த வரி இல்லை.

பதினேழாம் வட்டத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தைகள் எத்தனையோ பேர். மாடி வீட்டு ஹேமலதாவுக்கு ஒரு பெண் இருக்கிறாள், யாழியின் வகுப்புத்தான். ஹேமலதா இரண்டு வாரமாக இருமுகிறாள். அது நினைவுக்கு வந்ததும் மஞ்சரிக்கு மூச்சு இலகுவானது. இலகுவானதை உணர்ந்ததும் கூசினாள்.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கேள்வி மூடிவிட்டது. அவளேதான் அதை மூடியிருந்தாள், அவ்வளவு நன்றாக எழுதி.

திறக்க ஒரு வழி இருந்தது. பக்கம் கெட்டுப்போனால் துணை அதைக் கைவிடும். மறுபடி தேடும். மறுபடி தேடும்போது இன்னும் சில சொற்களைச் சேர்த்துக்கொள்ளும். தேவைக்கு மேல் ஒன்றையும் சேர்க்காது. இது தேடுசொல் ஆய்வின் முதல் பாடம். இதுவரை யாரும் சொந்தப் பக்கத்தைக் கெடுத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

நடுவிலிருந்த பத்திகளை நீக்கினாள். தொட்டில் விளம்பரம் ஒன்றை மேலே வைத்தாள். ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் வரி திரும்பி வந்தது, சற்று நீளமாக.

தினமும் அம்மாவே பள்ளியிலிருந்து அழைத்து வரும் ஏழு வயதுப் பெண் குழந்தையிடம் அம்மா இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது.

ஹேமலதாவின் மகள் வேனில் வருபவள். யாழியை தினமும் மஞ்சரிதான் அழைத்து வருவாள்.

தலைப்பை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள். வரி அசையவில்லை. பள்ளி விடும் நேரமாகிவிட்டது. போகும் வழியில் சாலையைக் கடக்க வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு வண்டியும் தன்னைப் பார்த்துக்கொண்டே வருவது போலிருந்தது. யாழி கையை உதறிக்கொண்டு, ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிறே என்று கேட்டாள்.

மறுநாள் காலை வரி முழுதாக நின்றிருந்தது.

கைகளால் பேசும் அப்பா, ஏழு வயது மகள் கண்களை மூடிக்கொண்டால், அம்மா இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது.

அவள் கணவன் கதிரேசனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. அவனுடைய துணை காதில் இல்லை, மணிக்கட்டில் அதிர்ந்து எழுத்தாகக் காட்டும். வீட்டில் மூவரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். யாழிக்குக் கோபமோ அழுகையோ வந்தால் கண்களை இறுக மூடிக்கொள்வாள். அத்தோடு அப்பாவின் பேச்சு அவளுக்கு நின்றுவிடும். அப்போது கதிரேசன் மஞ்சரியைக் கூப்பிடுவான். அவன் கைகள் சொல்வதை மஞ்சரி மகளின் காதில் சொல்வாள்.

உங்கள் குரலை அது முதலில் கேட்கட்டும் என்று எழுதியிருந்தாள். வேறு பக்கம் எதுவும் இல்லாததால் முதல் நாள் அந்தத் துணை அதையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

ரங்கராசு டம்ளரும் கையுமாகக் கோபமாகத்தான் வந்தார்.

"ஏன் அம்மணி, நேத்து முதல்ல நின்ன பக்கம் இன்னைக்கு எங்க கெடக்குதுன்னே தெரியல. நாய் கொதறுன மாதிரி வச்சிருக்க?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார். கதிரேசனை அவருக்குத் தெரியும். தன் பேத்தியின் காதுகுத்துக்கு அவன் வந்தபோது அவனோடு கையாட்டிப் பேசிச் சிரித்தவர். டம்ளரை மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

"கணிச்சது பொய்யாப் போனது உண்டுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"வந்த கேள்வி வராமப் போனதும் உண்டு. ஏன்னு யாருக்கும் தெரியாது." டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிராத. அது உனக்கும் கேடு, அவருக்கும் கேடு. லீவு எடுத்துக்க" என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "போறதுக்குள்ள அந்தப் பக்கத்தை மட்டும் சரி பண்ணிட்டுப் போ அம்மணி."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு உறைத்தது போலிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சரி மருத்துவமனைக்குப் போனாள். இதயம், ரத்தம், தலை எல்லாம் பார்க்கச் சொன்னாள். எதற்காக என்று கேட்ட மருத்துவரிடம் சும்மாதான் என்றாள். அவர் அவளுடைய அடையாள அட்டையில் தொழிலைப் பார்த்தார். எல்லாச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் குரல் தேவைக்கு மேல் மென்மையாக இருந்தது. திரும்பும்போது மின்தூக்கியில் ஏறவில்லை. படியில் இறங்கினாள், கைப்பிடியை விடாமல்.

மருத்துவமனை வாசலில் நின்று மறுபடி தேடுமானியைப் பார்த்தாள். பக்கத்தின் தலைப்பையும் அழித்தாள். வெறும் வெள்ளையாக விட்டுக் காத்திருந்தாள். வரி நீளவில்லை. எதனால் என்று அது கேட்கவில்லை. எங்கே, எப்போது என்றும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அந்தப் பதிலுக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் கேள்விக்கு எந்த வலைத்தளத்திலும் பதில் இல்லை. உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் உள்ள கேள்வி. அவளாலும் எழுத முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையிடம் கதிரேசன் எப்படிப் பேசுவான் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இருந்ததால் அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மழை கொட்டியது. யாழியை அழைத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள். மின்கம்பங்களைச் சுற்றிப் போனாள். வீடு சேர்ந்தபோது குழந்தையின் ஷூ தொப்பலாக நனைந்திருந்தது. எத்தனை வீடுகளில் துணைகள் இப்போது காயவைக்கும் வழியைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். துணைகளின் கணிப்பில் ஒன்றும் தப்பவில்லை.

கதிரேசனை வேலையிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு விளையாட்டு என்று சொன்னாள். யாழி கண்ணை மூடவேண்டும். அப்பா அவள் உள்ளங்கைக்குள் தன் கையை வைத்துப் பேசவேண்டும். யாழி என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்கவேண்டும்.

கதிரேசன் மஞ்சரியையே பார்த்தான். இதற்கா சீக்கிரம் வரச் சொன்னாய் என்று சைகை காட்டினான். மழை வந்ததே, அதனால்தான் என்றாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அப்பாவின் கை சொரசொரவென்று இருப்பதாக யாழி சிரித்தாள். தண்ணீர் என்ற சைகையை யானை என்றாள். சோறு என்பதை மீசை என்றாள். கதிரேசன் மகளின் உதட்டசைவைப் படித்து, அவள் விரல்களைப் பிடித்துத் தன் விரல்களின்மேல் மெல்ல நடத்தினான். மறுபடி செய்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சிறிய கைகள் கேட்கத் தொடங்கின. தண்ணீர். சோறு. தூக்கம். அப்பா.

மஞ்சரி எதிரில் உட்கார்ந்து கதிரேசனுக்குச் சைகையில் சொற்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கவேண்டிய மூன்று சொற்கள் இருந்தன. அவற்றைச் சேர்த்துக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டாள். அம்மா என்பதை முதலில் கொடுத்தாள். ஆரஞ்சு, பூனை என்று கொடுத்துவிட்டு, வருவது என்பதைக் கொடுத்தாள். இல்லை என்பதைக் கடைசியில் கொடுத்தாள். அதை யாழி தொட்ட உடனே சொல்லிவிட்டாள். அதிகம் கேட்ட சொல் அதுதான்.

"சாப்பிடலாமா? நான் தோசை ஊத்தறேன்" என்று வாயாலும் கையாலும் சொல்லிக்கொண்டே மஞ்சரி எழுந்தாள்.

தோசை வார்க்கிறவள் கடைசியில்தான் சாப்பிட வந்து உட்காருவாள் என்பதை வைத்துக் கதிரேசன் வீட்டில் எப்போதும் கேலி செய்வான். இப்போதும் அவன் முகத்தில் அந்தக் குறும்பு வந்தது. மகளின் கையை எடுத்தான். அவளுக்குத் தெரிந்த சொற்களிலிருந்து ஒவ்வொன்றாக வைத்தான். யாழி கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அப்பாவின் கையைத் தடவித் தடவிப் படித்தாள்.

"அம்மா... வர... இல்ல." பிறகு முகம் மலர, சத்தமாகச் சேர்த்துச் சொன்னாள். "அம்மா வரமாட்டா. அப்பா, சரியா? அம்மா வரமாட்டா."

கதிரேசன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

மஞ்சரி சமையலறைக்குள் போனாள். கல்லை அடுப்பில் வைக்கவில்லை. தேடுமானியைத் திறந்தாள். பதினேழாம் வட்டம். பூனைக் கீறல் இருந்தது. கொசு மருந்து புதிதாக ஏறியிருந்தது. அந்த வரி இல்லை.

கீழேவரை தேடினாள். பக்கம் வெள்ளையாகவேதான் இருந்தது. யாரும் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கேள்வி போய்விட்டது.

கேட்கும் தேவை இல்லாமல் போனால் கேள்வி மறையும். அவள் நாளையும் இருப்பாள் என்று துணை கணித்திருக்கலாம். அல்லது அவள் இல்லாவிட்டாலும் இனி கதிரேசனுக்கு யாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்று கணித்திருக்கலாம்.

இரண்டுக்கும் வரி ஒரே மாதிரிதான் மறையும்.