கல்லில் எழுத ஒரு வருஷம்

மகள் தேநீரைத் தொடவில்லை. ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது. வேறு கலந்து வரலாமென்று அம்மா கையை நீட்டினாள். மகள் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குடிப்பதற்காக இல்லை, அம்மா எடுக்கக் கூடாது என்பதற்காக.

மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. கல்லறைக் கல் செதுக்குபவர் அனுப்பியது. அப்பாவின் பெயர், அதன் கீழே பிறந்த வருஷம், இறந்த வருஷம். சரிபார்த்து வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே உளியை வைத்துவிடுவார். அதற்காகத்தான் மகள் விடியற்காலைப் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். "கையெழுத்து ஆனதும் கிளம்பிடுவேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணனிடம் சொன்னாள், அம்மா காதில் விழட்டும் என்றே. விழுந்தது. அம்மா போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்கினார். தோளில் மூட்டையோடு பதினாறு இரும்புப் படி ஏறி, மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கலவை இயந்திரத்தின் வாயில் பிரித்துக் கொட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது மூட்டை, முப்பது வருஷம். பிறந்த மண்ணில் வீடும் அதிலிருந்த காகிதங்களும் எரிந்துபோக, ஒரே ஒரு பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கிய குடும்பம் அது. மகனுக்கு அப்போது ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. வந்த நாலாம் நாளே அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

அவருக்கென்று இருந்த ஒரே சொகுசு தலைச்சாயம்தான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, குளியலறை முக்காலியில் பழைய பனியனோடு உட்காருவார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பூசிவிடுவாள். வெளியே வந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். "வந்துட்டாருய்யா நம்ம இளவட்டம்" என்பாள் மகள். "போகும்போது கறுப்பு, வரும்போது வெள்ளை. நீங்க மாப்பிள்ளைன்னு அந்த மாவுக்குத் தெரியலையேப்பா" என்பான் மகன். அப்பா மீசையை முறுக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பதினோராவது படியில் மூட்டையோடு சரிந்தார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏழாவது நாள் இல்லை.

"பார்த்தாச்சா? போடு கையெழுத்த" என்றாள் மகள்.

அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வருஷம் வேண்டாமே... பேரு மட்டும் போதும்."

"ஏன்?"

"வேண்டாம்னுதான் சொல்றேன்."

"அறுபத்து நாலு வயசு வரைக்கும் அந்த மனுஷன மூட்டை தூக்க வச்சது நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னா?"

"சும்மா இருடி" என்றான் அண்ணன்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? விழறதுக்கு முந்தின வாரம் நான் இங்கதானே இருந்தேன். இதே மேஜையில உக்காந்து, 'முடியல, நின்னுடட்டுமா'ன்னு கேட்டாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? 'பென்ஷனுக்கு இன்னும் பதினோரு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்க'ன்னா. என் காதால கேட்டேன். சொல்லும்மா, சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்" என்றாள் அம்மா.

"அதோட விட்டியா? செத்துப்போன மனுஷனுக்குச் சாயம் பூசினியே... கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டு வந்து, அவர் தலைமாட்டுல உக்காந்து... எனக்கு இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

சொல்லிவிடலாமென்று ஒரு கணம் வாய்வரை வந்தது. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவர் நினைவுக்கு வந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டிவிட்டுப் போகட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தாள். ஆனால் இவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்பதும் தெரிந்தது.

வாசலில் நின்றிருந்தார் பெரியப்பா. கூடப் பிறந்தவர் இல்லை. அதே தொழிற்சாலையில் ரொட்டி அடுப்பு பார்த்து, ஆறு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். அப்பா அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டதால் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. கல்காரர் அவருக்குத் தெரிந்தவர் என்பதால் தாளை வாங்கிப்போக வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"எல்லாத்தையும் கேட்டேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். "அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்."

"வேண்டாங்க" என்றாள் அம்மா. "அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்கதானே குடுத்தீங்க, நான் குடுக்கலையே." மகளைப் பார்த்துத் திரும்பினார். "நான் உனக்குப் பெரியப்பாவே இல்லம்மா. நானும் உங்கப்பனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் என்னை விட மூணு மாசம் பெரியவன்."

மகளுக்குப் புரியவில்லை.

"நான் இந்த ஊருக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்துட்டேன். நீங்க வந்து இறங்கினப்போ உங்கப்பனுக்கு நாப்பத்தொண்ணு. முப்பத்தஞ்சுக்கு மேல ஆள் எடுக்க மாட்டாங்க. நான்தான் அவன் காதுல சொன்னேன், 'முப்பத்து நாலுன்னு சொல்லுடா, காட்டச் சொல்ல உன்கிட்ட ஏது காகிதம்'னு. அப்படியே எழுதிக்கிட்டாங்க. அந்தத் தாளை வச்சுத்தான் உங்க எல்லாருக்கும் இங்க தங்கறதுக்குத் தாள் வந்துச்சு. அன்னையிலிருந்து நாலு பேர் முன்னாடி என்னை அண்ணேன்னு கூப்பிட ஆரம்பிச்சான். அப்புறம் தனியா இருக்கும்போதும் அண்ணேதான். பழகிப்போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் விழுந்தப்போ அவனுக்கு எழுபத்தொண்ணு."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான்.

"உடம்பு முடியலைன்னு எழுதிக் குடுத்திருக்கலாமே..." என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது.

"டாக்டர் பார்ப்பாரே" என்றாள் அம்மா. "பழைய தாளெல்லாம் எடுப்பாங்க. ஒரு நூலை இழுத்தா உங்க ரெண்டு பேர் தாளும் சேர்ந்து பிரிஞ்சிடும்னு பயந்தாரு. போய் உண்மையச் சொல்லிடலாம்னு நான் எத்தனை தடவ அழுதிருக்கேன். அப்பல்லாம் அவர்தான் எனக்குச் சொல்வாரு, இன்னும் பத்து வருஷந்தான், இன்னும் அஞ்சு வருஷந்தான், பல்லைக் கடிச்சுக்கோன்னு. அன்னைக்கு அவர் வாய்க்கு அது வரல. நான் எடுத்துக் குடுத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு தடவ... சரின்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு நீ என்ன திட்டினாலும் எனக்குத் தகும்."

"அந்தச் சாயம்...?"

"ஆறு நாள்ல வேர் வெளுத்துப்போச்சு. மேனேஜர் மாலையோட வர்றாருன்னாங்க. முப்பது வருஷமா காப்பாத்தினதை அந்த ஒரு நாள்ல எப்படி விடுவேன்?"

மகள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது வயதில் கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது, லிப்ட் ஓடாத நாலு மாடிக்கு அப்பா அவளை முதுகில் சுமந்து ஏறினார். நாற்பத்தொன்று இல்லை, நாற்பத்தெட்டு. மாடிக்கு மாடி நின்றது அவளுக்குக் கதை சொல்வதற்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஸ்கூல்ல அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வச்சாங்க" என்றான் அண்ணன், குழாயைப் பார்த்தபடி. "கடைசியா வந்தாரு. ரெண்டு நாள் நான் அவர்கிட்ட பேசல."

மகள் நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். "ஏம்மா சொல்லல... நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே..." அம்மாவும் உடைந்து அழுதாள். மூன்று மாதமாக அழாத அழுகை.

வெகு நேரம் கழித்து மகள் நிமிர்ந்தாள். பேனாவை எடுத்துத் தாளில் இருந்த வருஷத்தை அடித்தாள். "எந்த வருஷம்மா?"

அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "யாராவது கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்கட்டும்மா" என்றான் மகன். "இனிமே அவரை வேலையை விட்டா நிறுத்தப்போறாங்க? எங்க தாளை நாங்க பார்த்துக்கிறோம்."

முப்பது வருஷமாக உதட்டுக்கு வராத எண்ணை அம்மா மெல்லச் சொன்னாள். மகள் எழுதினாள். அம்மா கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள். பெரியப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன்டா" என்றார், சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து.

மத்தியானப் பஸ் போய்விட்டது. மகள் குளியலறையில் முகம் கழுவப் போனவள், அலமாரியில் சாயம் காய்ந்து ஒட்டிய கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பாவோட நிஜ முடிய நான் பார்த்ததே இல்லையேம்மா. எப்படி இருக்கும்?"

அம்மா கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசி ரெண்டு மூணு வருஷம் சாயம் சரியா நிக்கல. உள்ள போனதும் தேய்ச்சுக் குளிச்சிட்டா மிச்சமும் போயிடும். பூசறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம், கதவைச் சாத்திக்கிட்டு, நான் மட்டும் பார்ப்பேன். காதோரமெல்லாம் பஞ்சா வெளுத்திருக்கும். 'சீக்கிரம் பூசேன், என்ன பார்க்கிற'ன்னு கேட்பாரு." புடவைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தாள். "அழகா இருப்பாருடி. அதுல கறுப்பை வைக்க எனக்கு மனசே வராது."