சான்று தேவை

அந்த வரியை ஹெலினா எழுதவில்லை.

கட்டுரை அவளுடையது. 'அஹிஸ்கா துருக்கியர்' என்ற தலைப்பிலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை, இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் அவள் தட்டியது. ஜார்ஜியாவின் மலைக் கிராமங்களில் வாழ்ந்த துருக்கியரை, உலகப்போர் நேரத்தில் சோவியத் அரசு சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பிய வரலாறு. வழியில் குளிரிலும் பசியிலும் செத்தவர்களை, வண்டி நின்ற இடத்தில் பனியில் இறக்கிவிட்டுப் போன வரலாறு. அதற்குப் புத்தகம், பக்க எண் எல்லாம் கொடுத்திருந்தாள்.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

'அப்படி இறக்கிவிடப்பட்ட குழந்தைகள் இன்றும் வீடு தேடி வருகின்றன.'

"எவன்டா இவன்?" என்றாள் வாய்விட்டு.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், போனின் மறுமுனையில் பேசிய துருக்கிப் பெண் தன் சொந்தங்கள் எந்தெந்த நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று சொல்லப்போய்த்தான் ஹெலினாவுக்கு இந்தப் பித்து பிடித்தது. ஜெர்மனியின் துருக்கியர், பல்கேரியத் துருக்கியர், நெதர்லாந்துத் துருக்கியர் என்று வரிசையாக எழுதினாள். பிறகு ஆபீசில் ஆள் குறைத்தார்கள். முதலில் குறைந்தது அவள். வேலை போன பிறகு அவள் பெயருக்கு மரியாதை மிச்சமிருந்த ஒரே இடம் இந்தக் கட்டுரைகள்தான். இதில் எவனோ கை வைத்திருக்கிறான்.

அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஆதாரமில்லாமல் எழுதினால், வரியின் வாலில் 'சான்று தேவை' என்று ஒரு குறிச்சீட்டை ஒட்டிவிடுவார்கள். சான்று வராவிட்டால் வரி போய்விடும். ஹெலினா குறிச்சீட்டை ஒட்டினாள். ஒட்டிய வேகத்தில் விசைப்பலகை அதிர்ந்தது.

கணவன் ரூபஸ் இரவு ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மே, இன்னிக்கி யார்கூட சண்டை? ஜெர்மனியா, பல்கேரியாவா?"

"எவனோ பேய்க்கதை எழுதிட்டுப் போயிருக்கான்."

"உட்று. துருக்கிக்காரனே கண்டுக்கல, உனுக்கின்னா?"

"நீங்க லேத்துல கடைஞ்சு வச்ச பீஸை எவனாவது ஆணியால கீறிட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?"

"அத்த கடையறதுக்கு எனுக்கு சம்பளம் தர்றாங்கோ." சிரித்தபடியே ஹெல்மெட்டை எடுத்தான். மகள் இருந்த படுக்கையறைப் பக்கம் திரும்பி, "ரெனி பாப்பா! மம்மி கிட்ட போவாத, சூடா கீது!" என்று குரல் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினான்.

சம்பளம். அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பைக் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகும் இறங்கவில்லை.

மேனாம்பேட்டு மாடி வீட்டில் மே மாதத்துச் சாயங்காலம் என்பது, பகலெல்லாம் மொட்டை மாடி குடித்து வைத்த வெயிலைக் கூரை வழியே சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்கும் நேரம். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும், நைட்டி முதுகோடு ஒட்டும், கீழ் வீட்டு அஞ்சலை கருவாடு வறுக்கும் வாசம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும். இன்று அந்த வாசத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. ஈரக் கம்பளியின் வாடை. அதோடு கரிப்புகை, பழைய எஞ்சின்கள் விட்டதைப் போன்ற கனத்த கரிப்புகை. எங்கோ ஒரு கூட்ஸ் வண்டி வேகம் குறைந்து, ஒவ்வொரு பெட்டியாக முன்பெட்டியில் முட்டி, இரும்பு இரும்போடு முனகி, நின்றது.

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் கூட்ஸ் சத்தம் கேட்பது வழக்கம்தான். ஆனால் இது பின்சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. பின்னால் தண்டவாளம் கிடையாது. காலி மனை, சீமைக் கருவேலம், எவனோ கொட்டிய கட்டட இடிசல், அவ்வளவுதான்.

ஹெலினா அதைக் கவனித்தாள். ஆனால் திரை அதற்குள் மாறியிருந்தது.

குறிச்சீட்டைக் காணோம். வரி இருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

'ஒரு வீட்டில் அக்குழந்தை தங்கிவிட்டால், அந்த வீட்டுக் குழந்தை வண்டியில் அதன் இடத்துக்குப் போய்விடும்.'

எழுதியவனுக்குப் பெயர் இல்லை. கணக்குத் தொடங்காமல் எழுதுகிறவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக இணைய முகவரியின் எண்கள் மட்டும் நிற்கும். ஹெலினா நீக்கினாள். திரும்ப வந்தது. நீக்கினாள். வந்தது. வேறொருத்தியாக இருந்தால் மடிக்கணினியை மூடிவிட்டு முகம் கழுவப் போயிருப்பாள். ஹெலினா உரையாடல் பக்கத்தைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்:

'இது உன் அப்பன் வீட்டுச் சுவர் இல்லை, கண்டதைக் கிறுக்க. நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் காட்டு. நான் ஏற்றுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ஓடிப் போ.'

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து, உருண்டு, எதிலோ இடித்து நின்றது.

"ரெனிதா! தண்ணி குடிச்சா ஒழுங்கா வைக்க மாட்டே?"

கால்விரல்கள் சில்லிட்டன. தரை, ஐஸ் பெட்டியைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது. ராஜசேகரன். சேலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர்.

"ஹெலினாம்மா, கோபப்படாமக் கேளுங்க. எதுக்கும்மா இந்த வேலை?"

"எந்த வேலை சார்?"

"அந்தப் பேரில்லாத ஆள். போன மாசம் நீங்க உள்நுழைய மறந்துட்டு ஒரு திருத்தம் செஞ்சீங்களே, அப்போ விழுந்த முகவரியும் இதுவும் ஒண்ணுதான். அன்னிக்கு 'அது நான்தான்'னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"சார்..."

"உங்க வீட்டு இணைப்புல இருந்துதான் எழுதப்படுது. நீங்களே எழுதி, நீங்களே நீக்கி, நீங்களே திட்டுறீங்க. இதைக் கைப்பாவைன்னு சொல்லுவோம், உங்களுக்குத் தெரியாதது இல்ல. நாளைக்கு இதை எல்லார் முன்னாடியும் நான் வச்சாகணும். உங்களைத் தடை செய்யச் சொல்லுவாங்க."

வீட்டுக்குள்ளிருந்து எழுதுகிறார்கள். அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். ஹெலினாவுக்குள் பயம் உட்கார இடமே இல்லை. அத்தனை இடத்தையும் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருட உழைப்பு, கடைசியில் பொய்க்காரி என்ற பட்டம். வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள்.

படுக்கையறைக் கதவை அறைந்து திறந்தாள். ரெனிதா கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, மடியில் டேப்லெட்டோடு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மே மாதத்தில், போர்வை.

"நீதானே எழுதினே?"

"இன்னாது மம்மி?"

"நடிக்காதே. எங்கிட்ட பார்த்துக் கத்துக்கிட்டு எனக்கே விளையாட்டு காட்றியா? இதால என்ன ஆச்சு தெரியுமா?"

"நான் ஒண்ணும் எழுதல மம்மி. ஏசு மேல சத்தியமா."

பளாரென்று அறை விழுந்தது. "பொய்யும் சொல்லி, ஆண்டவர் மேல சத்தியமும் பண்றியா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்ட குழந்தையின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கினாள். இன்னொரு கையைப் பற்றி ஹாலுக்கு இழுத்தாள். வாசல் கதவு தெரிந்ததும்தான் ரெனிதா கதறினாள்.

"வெளிய வேணாம் மம்மி. வெளிய மட்டும் வேணாம். அங்க வண்டி நிக்குது."

"எந்த வண்டி வந்தாலும் சரி. எழுதினது நான்தான்னு ஒத்துக்கிற வரைக்கும் அங்கேயே நில்லு."

படிக்கட்டு மேடையில் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

உடனே தட்டல் தொடங்கியது. சின்னக் கை. உள்ளங்கையால் தட்டும் சத்தம். "மம்மி, ஸாரி மம்மி. நான்தான். நான்தான் எழுதினேன். தெற மம்மி."

ஒத்துக்கொண்டாள். பார்த்தாயா, ஒத்துக்கொண்டாள். ஹெலினாவின் மூச்சு சீறிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் நிற்கட்டும், புத்தி வரட்டும் என்று மேசைக்குத் திரும்பினாள். டேப்லெட்டில் தடயம் இருக்கும். படம் பிடித்து ராஜசேகரனுக்கு அனுப்பினால் போதும். பொத்தானை அழுத்தினாள்.

கறுப்பு.

மறுபடி அழுத்தினாள். சிவப்பாக ஒரு காலி பேட்டரி மின்னி மறைந்தது. சார்ஜர் வயர் அலமாரியில் சுருட்டி வைத்தது சுருட்டியபடி இருந்தது. நேற்று அவளே சுருட்டி வைத்தது.

அப்படியானால் குழந்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தது...

சும்மா. பயத்துக்கு. கையில் எதையாவது பிடித்துக்கொள்ள.

மடிக்கணினித் திரையில் அந்த வரிகள் மீண்டும் வந்திருந்தன. இப்போது அவற்றின் தோளில் ஒரு சிறிய எண் ஏறியிருந்தது. அடிக்குறிப்பு எண். சான்று கொடுத்திருக்கிறார்கள்.

அழுத்தினாள். பக்கம் கீழே இறங்கியது. அவள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாளோ அப்படியே, காற்புள்ளி, முற்றுப்புள்ளி பிசகாமல், முறையாக:

'நேரில் பார்த்தவர்: ஹெலினா ரூபஸ், மேனாம்பேடு, சமையலறை வாசல்.'

கதவில் தட்டல். "மம்மி, குளுருது."

போகக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் நாற்காலியிலிருந்து சமையலறை வாசல் நேராகத் தெரியும்.

தெரிந்தது.

அடுப்பு மேடைக்குக் கீழே. அரிசி டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில். முழங்காலைக் கட்டிக்கொண்டு. பெரியவர்களின் கம்பளிக் கோட்டு ஒன்று அதன் உடம்பைச் சுற்றியிருந்தது. தலைமுடியில் வைக்கோல். இமைகளில் வெள்ளையாக ஏதோ. அதன் பாதங்கள் தரையில் படிந்திருந்த இடத்தைச் சுற்றி, டைல்ஸ் மேல், பனி மெல்லப் பூத்துக்கொண்டிருந்தது.

அது அவளைப் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. முறை வருவதற்காகக் காத்திருப்பதுபோல.

"மம்மி." வெளியே. "யாரோ ஏறச் சொல்றாங்க மம்மி."

ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். இரும்பு விரலைக் கவ்வியது. ஐஸ். இழுத்தாள். தோல் இரும்போடு நின்றது. ரத்தம். வலிக்கவில்லை. திறந்தது.

மேடை காலி.

"ரெனிதா!"

படிகள் காலி. கீழே அடிபம்பு அருகே எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் அஞ்சலை குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலைக்கா! பாப்பா கீழ வந்தாளா?"

"இல்லியேம்மா. நா இங்கியேதான் கீறேன். படில யாரும் எறங்கல."

காலி மனையில் இரும்பு குலுங்கியது. ஒரு பெட்டி. அடுத்தது. அடுத்தது. எதிர்ப்பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சம் மறைந்தது, தெரிந்தது, மறைந்தது. கருவேலத்தின் ஊடாக, தண்டவாளமே இல்லாத தரைமேல், கறுப்பாக, நீளமாக, ஏதோ நகரத் தொடங்கியிருந்தது.

அதற்குள்ளிருந்து தட்டினார்கள். உள்ளங்கையால். சின்னக் கை. பலகையின் மேல்.

"மம்மி, தெற மம்மி. நான்தான்னு ஒத்துக்கினேனே மம்மி."

ஹெலினா அலறினாள். அலறியதாக நினைத்தாள். குரல் வரவில்லை. முதல் படியில் கால் வைத்தாள். நைட்டியைப் பின்னாலிருந்து ஏதோ பிடித்து இழுத்தது. லேசாக. கடைக்குப் போகும் அம்மாவை இழுப்பதுபோல.

கீழேயிருந்து அஞ்சலை குடத்தை இடுப்பில் ஏற்றியபடி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா ஹெலினா, வெளாட்றியா? உம் பொண்ணு உம் பின்னாலதானே நிக்குது. ஐய, இன்னாத்துக்கு இப்டி நடுங்குது கொயந்த? தூக்கிக்கம்மா. பாரு, கைய தூக்கிக்கினு நிக்குது."

தட்டல் ஆவடிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரம். இன்னும் தூரம்.

ஹெலினா திரும்பினாள்.

அந்த மே மாதத்துப் புழுக்கத்தில், இமையில் உறைந்த பனி ஒரு சொட்டுக்கூட உருகாமல், அது இரண்டு கைகளையும் அவளை நோக்கி உயர்த்தியிருந்தது.