கைக்கு அடக்கமான கத்தி

புது வீட்டுக்கு வந்த அன்று காலை, சமையலறை இழுப்பறையைத் திறந்த ஸ்பேனர் முகம் சுளித்தான்.

ஸ்பேனர் என்பது அவன் மச்சினன் வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் எதைக் கண்டாலும் கழற்றி மாட்டிப் பார்க்காமல் விடமாட்டான். மனைவிக்கு அவன் வைத்த பெயர் டீச்சர். அவள் நிஜமாகவே டீச்சர்தான். கல்யாணமாகி இத்தனை நாள் மச்சினன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒருவழியாகத் தங்களுக்கென்று ஓர் அடுப்படி கிடைத்திருந்தது.

பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்ததால், பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. எவ்வளவு கழுவிவிட்டும் ஈர இரும்பின் வாடை போகவில்லை.

இழுப்பறையில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கத்திகள் கிடந்தன. அவன் ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் குறுக்கே தடவினான். உழைத்து மழுங்கிய கத்தி எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதிகம் வேலை செய்யும் நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கும், பிடியை ஒட்டிய இடம் புதிதுபோலவே இருக்கும். இவை அப்படியில்லை. நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக, நாணயத்தின் விளிம்பளவு தடிமனாக, யாரோ உட்கார்ந்து உரசியிருந்தார்கள். கத்தரிக்கோலும் அப்படித்தான் இருந்தது. தோல் சீவியைக்கூட விடவில்லை.

"சின்னப் பிள்ளைங்க இருந்திருக்கும். பயந்து மழுக்கியிருப்பாங்க," என்றாள் டீச்சர்.

"மழுங்குன கத்திதான் டீச்சர் ஆபத்து. கூரா இருந்தா நீ காட்டுற இடத்துல இறங்கும். மழுங்கினது வழுக்கும். வழுக்கினா நேரா விரல்லதான் ஏறும்."

"ஆரம்பிச்சுட்டாரு," என்றான் கூடவே வந்திருந்த மச்சினன். "அக்கா, காதைப் பொத்திக்கோ."

பழைய கத்திகளை ஒரு பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மூவரும் கடைவீதிக்குப் போனார்கள்.

கத்திக் கடைக்காரர் நல்ல பருமன், அதைவிட நல்ல வாயாடி. "செருப்பு மாதிரிதான் சார். போட்டுப் பாக்காம வாங்கக் கூடாது. முதல்ல கையில பிடிங்க."

ஸ்பேனர் பிடித்தான். நல்ல கத்தியின் இரும்பு பிடியின் வாசலோடு நின்றுவிடாது, பிடியின் கடைசிவரை ஒரே தகடாக ஓடும். அதன் இரு பக்கமும் மரம் வைத்து ஆணியடித்திருப்பார்கள். மலிவுக் கத்தியில் விரல் நீள வால் ஒன்றுதான் உள்ளே போயிருக்கும், ஓங்கி அழுத்தினால் என்றாவது கழன்றுவிடும். அடுத்து எடை. தகடும் பிடியும் சேருமிடத்தை ஒற்றை விரல்மேல் வைத்தால், தராசு முள்போல இப்படியும் அப்படியும் ஆடி நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கத்தியைத் திருப்ப மணிக்கட்டுக்கு வலுவே தேவையில்லை. பிடியில் மெல்லிய வரிகள் வெட்டியிருந்தால், ஈரக் கையிலும் வழுக்காது.

கடைக்காரர் ஒரு தாளைத் தொங்கவிட்டுக் கத்தியை இழுத்தார். தாளின் பாதி சத்தமில்லாமல் தரையில் விழுந்தது.

"ஏங்க, வெங்காயம் அரியத்தானே? ஆபரேஷனா பண்ணப் போறோம்?"

"நீ சும்மா இரு டீச்சர். ஆயுசுக்கும் ஒரு தடவை வாங்குறது."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க சார்," என்றார் கடைக்காரர். "இது கெட்டி எஃகு. கூர் சீக்கிரம் போகாது. ஆனா பக்கவாட்டுல முறுக்கினா தாங்காது, கண்ணாடி மாதிரி ஒடிஞ்சுடும். டப்பா மூடியெல்லாம் நெம்பிடாதீங்க."

பெரியது ஒன்று, சின்னது ஒன்று, ரொட்டி அறுக்கப் பல் வைத்தது ஒன்று. ஸ்பேனர் பரிசு வாங்கிய பையனைப்போல வீடு திரும்பினான்.

முதல் சமையலுக்குக் காய் அரிவது நான்தான் என்று மச்சினன் பெரிய கத்தியைப் பிடுங்கிக்கொண்டான். ஸ்பேனர் கூடத்தில் அலமாரிப் பலகையைப் பொருத்திக்கொண்டே காது கொடுத்தான். டக், டக்... டக். கேரட் ஒன்று தரையில் உருண்டது. "ஐயோ, இது ஓடுது மாமா!"

பிறகு சத்தம் மாறியது.

டக். டக். டக். டக். கடிகாரம்போல ஒரே சீர். இவன் எப்போது இப்படி அரியக் கற்றுக்கொண்டான் என்று ஸ்பேனர் வியந்தான். மரத்தில் மோதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ நசுங்கியது. டீச்சர் அலறினாள். ஸ்பேனர் கையிலிருந்த அலமாரிப் பலகையோடு சமையலறைக்கு ஓடினான்.

காய் அரியும் பலகையில் கேரட் வட்டங்களோடு மச்சினனின் விரல் நுனி கிடந்தது. ரத்தம் மேடையிலிருந்து வழிந்து அவன் பாதத்தில் சொட்டியது. அவன் வாயைப் பிளந்தபடி கத்தியையே பார்த்தான்.

கத்தி நிற்கவில்லை.

அடுத்த துண்டுக்கு அது எழுந்தபோது ஸ்பேனர் அலமாரிப் பலகையால் மச்சினனின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். கத்தி தெறித்துத் தரையில் விழுந்தது.

"நிறுத்தப் பாத்தேன் மாமா," என்று மச்சினன் கிசுகிசுத்தான். "நிக்கல."

டீச்சர் அவனுடைய கையைத் துணியில் சுற்றி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சாமான் லாரி இன்னும் வந்துசேராததால் ஸ்பேனர் வீட்டிலேயே நின்றான். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கீழ்வீட்டு அம்மா, கையில் அவன் காலையில் எறிந்த பையோடு நின்றிருந்தாள்.

"இதை ஏன் தம்பி குப்பையில போட்டே?"

"புதுசு வாங்கிட்டோம்மா."

"கூராவா?"

அவன் கையிலிருந்த சிவந்த துணியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"முன்னாடி இருந்தவங்க பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் உக்காந்து எல்லாத்தையும் உரசி மழுக்கினாங்க. இந்த அடுப்படியில கூரா ஒண்ணு இருந்தா, பிடிக்க இன்னொரு கை வந்துடும்."

"யாரோட கைம்மா?"

"யாருக்குத் தெரியும்? நான் பாத்ததெல்லாம் அறுபட்டவங்களைத்தான்."

பையை வாசலில் வைத்துவிட்டு அவள் இறங்கிப்போனாள்.

ஸ்பேனருக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதலில் ஏறுவது பழுது பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். அடுத்தவரை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பவனை அவன் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்ள மாட்டான். டீச்சர் நாளைக்கு நிற்கப்போகிற அடுப்படி இது. கதைக்குப் பயந்து கத்தியை ஒளித்துவைப்பதைவிட, கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவதுதான் அவனுக்குச் சரியாகப் பட்டது. மேடை சாய்ந்திருக்கிறதா? இல்லை. பலகை ஆடுகிறதா? இல்லை. கத்தியைக் கழுவித் துடைத்தான். ஒரு கேரட்டை எடுத்து அரியத் தொடங்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. முழுக் கேரட்டும் தீர்ந்தது. தன்னை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

புறங்கை சூடானது.

வெயில்தான் என்று நினைத்தான். அந்த ஜன்னலில் வெயில் விழாது.

சூட்டுக்கு எடை வந்தது. எழுதத் தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுப்பதுபோல, ஒரு கை அவன் கைமேல் நிதானமாகப் படிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. புறங்கை மயிர் மட்டும் அழுந்திப் படுத்தது.

காதருகே ஈர இரும்பு மூச்சுவிட்டது.

விரல்களை விரித்தான். விரியவில்லை.

கத்தி பலகையைவிட்டு எழுந்து, வாசலைப் பார்த்துத் திரும்பியது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, தையல் போட்டுட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம். அவனை அங்கேயே படுக்க வச்சுட்டு..."

"வராதே! டீச்சர், உள்ளே வராதே!"

கணவன் அப்படி அலறினால் எந்த மனைவி வெளியே நிற்பாள்? அவள் ஓடிவந்தாள்.

முதல் குத்து தோளில் இறங்கியது. அவள் நம்பாமல் அவனைப் பார்த்தாள். கத்தி வெளியே வந்தபோது ரத்தம் அவன் முகத்தில் அடித்தது.

"நான் இல்ல டீச்சர். ஓடு!"

அவள் பின்வாங்கிச் சுவரில் மோதினாள். கத்தி அவளுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றது. அவள் வாணலியை எடுத்து வீசினாள், அது அவன் நெற்றியைப் பிளந்தது. கை நிற்கவில்லை. இரண்டாவது குத்து, தடுக்க நீட்டிய அவள் இடது முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய குணமெல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் வேலை செய்தது. பிடி முழுக்க ரத்தம் வழிந்தும் வழுக்கவில்லை. அவன் எந்தப் பக்கம் இழுத்தாலும் கத்தி எடையே இல்லாததுபோல அவள் பக்கம் திரும்பியது. பிடி கழன்றுவிடாதா என்று ஏங்கினான். ஒரே இரும்பு, எங்கே கழலும்?

கத்தி மூன்றாம் முறை ஓங்கியது. இந்த முறை அவள் கழுத்துக்கு.

ஸ்பேனர் இடது கையால் கத்தியின் வாயைப் பிடித்தான். கூர் விரல்களை அறுத்துக்கொண்டு எலும்பில் போய் நின்றது. அவன் ஊளையிட்டான், விடவில்லை. இழுப்பவனைப்போல இல்லாமல் விழுபவனைப்போல உடம்பு மொத்தத்தையும் ஜன்னல் பக்கம் சாய்த்தான். கத்தி முனை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. அவன் கால்களைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் தொங்கினான்.

டணார்.

கத்தி ஒடிந்தது. சில்லு ஒன்று அவன் கன்னத்தில் பாய்ந்தது. அவன் தரையில் விழுந்தான். வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மேலேயிருந்த கை உடனே போய்விடவில்லை. அவன் புறங்கையை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் விலகியது.

ஆஸ்பத்திரியில் டீச்சர் டாக்டரிடம், ஜன்னல் கண்ணாடி பெயர்ந்து இரண்டு பேர் மேலும் விழுந்துவிட்டது என்று சொன்னாள். டாக்டர் நம்பவில்லை. அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மறுநாள் காலை வார்டில் கூட்டமில்லை. கொழகொழப்பான கஞ்சியும் மருந்து வாடையும்கூட ஸ்பேனருக்கு நிம்மதியாக இருந்தன.

"என்னைப் பாத்தா உனக்குப் பயமா இல்லையா?" என்று பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த டீச்சரிடம் கேட்டான்.

"உங்க கண்ணைத்தான் பாத்தேன். கை குத்த வருது, கண்ணு ஓடு ஓடுங்குது. ரெண்டும் ஒரே ஆளோடது இல்லைன்னு தெரியாதா?"

அவனுக்கு அழுகை வந்தது. மச்சினன் கட்டுப்போட்ட விரலை ஆட்டினான். "அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் மாமா. லாரியை நம்ம வீட்டுக்கே திருப்பியாச்சு. இனிமே எல்லாத்தையும் கடிச்சே தின்னுவோம்." டீச்சர்கூடச் சிரித்தாள். மச்சினன் டீ வாங்கப் போனான்.

ஸ்பேனர் ஜன்னலருகே போய் நின்றான். இங்கே ஜன்னல் நிறைய வெயில். கட்டுப்போட்ட இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் திரையைத் தள்ளிப் பிடித்திருந்தான். அந்த வீட்டைத் தாண்டி வந்துவிட்டோம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

"போதுங்க," என்றாள் டீச்சர். கண் மூடியிருந்தாள், குரலில் தூக்கம். "கையை விடுங்க. அழுத்துறீங்க."

அவன் திரும்பினான்.

போர்வைமேல் கிடந்த அவளுடைய வலது கை, எதையோ பற்றியதுபோல மடங்கியிருந்தது. மணிக்கட்டு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. கட்டில் விளிம்பில் அவள் விரல் முட்டிகள் பட்டன.

டக். டக். டக்.

ஒரே சீராக.