சுற்று எண் இரண்டு

காலை பத்து மணிக்குள் கடல்நகரில் மூவாயிரம் வீட்டுக் கதவுகள் நேற்றுக் குடிவந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, காலி செய்துபோனவர்களுக்குத் திறந்துகொண்டிருந்தன.

கோளாறு சொல்லேட்டில். நகரத்தில் யார் எதற்கு ஒப்புதல் சொன்னாலும், மறுத்தாலும், அது ஒரு வரிசை எண்ணோடு அதில் பதிவாகும். பெரிய எண்தான் பிந்தைய சொல். கதவும் மருத்துவ இயந்திரமும் ஒருவரின் கடைசிச் சொல்லுக்கே கட்டுப்படும். கடிகாரத்தைத் திருத்தி ஏமாற்றுகிறவர்கள் பெருகியதால் நேரத்தைப் பதிவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். நேற்று மதியம் அந்த எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களும் நிரம்பி, எண் மறுபடி ஒன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. அதன்பின் சொன்னதெல்லாம் ஏட்டுக்கு மிகப் பழைய சொல்லாகிவிட்டது.

பொறியாளர் ஜெசிந்தா காலையிலிருந்து உட்காரவேயில்லை. புதிய பதிவுகள் தனிக் கோப்பில் இருந்ததால் வழி கிடைத்தது: அவற்றுக்குச் சுற்று எண் இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. முதலில் சுற்றைப் பார், பிறகு வரிசையை. திருத்தத்தை ஏவுமுன் மாறப்போகும் பெயர்களை ஓடவிட்டாள். ஒரு பெயரில் கை நின்றது.

அமலதாஸ். அவளுடைய அண்ணன். இதய அறுவைக்குப் போன மாதம் 'சரி' என்றிருக்கிறான். நேற்று மாலை 'வேண்டாம்'. அறுவை இன்று பன்னிரண்டு மணிக்கு. அறுவை நடந்தால் பிழைக்கப் பாதி வாய்ப்பு. நடக்காவிட்டால் ஒரு மாதம் தாங்குவதே பெரிது.

திருத்தத்தை இரண்டு மணி நேரம் தாமதித்தால் போதும், அறுவை தொடங்கிவிடும்; யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயருக்கு, நேற்று நிறுத்தச் சொன்ன ஊசி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா திருத்தத்தை ஏவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

அறுவையை நிறுத்தியிருந்தார்கள். அமலதாஸ் குழப்பத்தோடு படுத்திருந்தான்.

"நானாடி வேண்டாம்னேன்?"

அவள் பதிவை ஒலிக்கவிட்டாள். வலிமருந்து மயக்கத்தில் இழுத்த குரல்: வேண்டாம்.

"என் குரல்தான். ஏன் சொன்னேன்னு இருக்கா?"

"அதெல்லாம் பதியாதுண்ணே."

"காரணம் தெரியாத வேண்டாமுக்கு நான் ஏன் சாகணும்?"

"அப்ப சரின்னு சொல்லிரு. டாக்டர் வெளியதான் நிக்காரு."

"அந்தச் சரியை ஏன் சொன்னேன்னும் ஞாபகமில்லயே. ஏட்டுல இருக்கேன்னு விட்டுட்டேன்."

மருத்துவர் கதவைத் தட்டினார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"கொஞ்சம் பொறுங்க டாக்டர், பேசிட்டு இருக்கோம்," என்றாள் ஜெசிந்தா.

அரைமணி நேரம் பேசினார்கள். அறுவை மேசையிலேயே செத்துவிடுவோமோ என்ற பயத்தைச் சொன்னான். மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஒரு மாதம் கிடப்பது அதைவிடப் பயம் என்று கடைசியில் அவனே கண்டுபிடித்தான்.

"சரி. பயத்தோடயே சரி. அப்படியே எழுது."

ஏடு பதிந்துகொண்டது. சுற்று இரண்டு, ஒரு வரிசை எண், ஒரே சொல்: சரி.

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை முடிய ஐந்து மணி நேரம். ஜெசிந்தாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: நாற்பது லட்சம் பேரின் கடைசிச் சொல்லும் சரியான வரிசைக்கு வந்துவிட்டது, பாராட்டுகள். வராந்தாவின் இருபுறமும் அறைகளில் இயந்திரங்கள் அந்தச் சொற்களை நிறைவேற்றத் தொடங்கியிருந்தன. ஒரு அறை வாசலில் நின்று, உள்ளே 'வேண்டாம்' என்று காட்டும் திரையருகே படுத்திருந்த பெண்ணிடம் கேட்டாள்:

"அக்கா, நீங்க ஏன் வேண்டாம்னீங்க?"

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பி, பதிலுக்காகத் திரையைப் பார்த்தாள்.